மோட்டார்ஹோம் வாங்கும் முன்: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மோட்டார்ஹோம் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு காலி மனையை மாத வாடகைக்குப் பிடித்து அங்கே நிறுத்துகிறோம். காலையில் அந்த வழியாக நடக்கிறவர்கள், அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் பார்க்கிற நண்பர்கள், சேலத்திலிருந்து போன் போடும் நாத்தனார் மகன் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இது கேரவன்தானே? ஷூட்டிங்ல ஹீரோயின் உக்காருவாங்களே, அந்த வண்டி?

உறவு உண்டு, ஆனால் வேலை வேறு. ஷூட்டிங் கேரவன் ஒரு இடத்துக்குப் போய் நாள் முழுக்க ஜெனரேட்டரில் நிற்கும். பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். அதில் யாரும் சாம்பார் வைப்பதில்லை. நம்முடையது ஓட வேண்டும், மலை ஏற வேண்டும், இரவில் யார் உதவியும் இல்லாமல் நமக்கு வீடாக இருக்க வேண்டும்.

விற்கிறவர்கள் கேம்பர்வேன், மோட்டார்ஹோம், கேரவன் எல்லாவற்றையும் கலந்து சொல்வார்கள். வேனின் வெளிக்கூட்டை அப்படியே வைத்து உள்ளே வேலை செய்தால் கேம்பர்வேன். சேஸி, அதாவது எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், அதன் மேல் தனியாக உடம்பு கட்டினால் மோட்டார்ஹோம். எஞ்சின் இல்லாமல் கார் பின்னால் இழுத்துப் போவது டிரெய்லர். பேச்சில் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, ஆர்சி புத்தகத்தில் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரு ரவுண்டா சொல்லுங்களேன்.

ரவுண்டாகச் சொன்னால் பொய்யாகிவிடும். செலவு மூன்று துண்டு: வண்டி, உள்வேலை, அரசாங்கம். ஃபோர்ஸ் கம்பெனியின் அர்பேனியா வேன், வெறும் வண்டியே 30 லட்சத்தை ஒட்டி வரும். அதே கம்பெனியின் டிராவலரும் டாடா விங்கரும் அதைவிடக் குறைவு. உள்வேலை வண்டி விலையில் பாதியும் ஆகலாம், வண்டி விலையையே தொடவும் தொடலாம். கட்டில் எங்கும் கட்டில்தான். விலையைத் தூக்குவது பேட்டரி, ஏசி, கழிப்பறை மூன்றும்.

கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ். மோட்டார்ஹோமுக்கு வரி எவ்வளவு என்பது அது எந்த வகையில் பதிவாகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கொட்டேஷனில் பதிவு வகையையும் வரித் தொகையையும் எழுத்தில் கேளுங்கள். 'ஆன் ரோடு எல்லாம் பார்த்துக்கறோம் மேடம்' என்பது எழுத்து இல்லை.

வாடகைக்கு எடுத்தா போதாதா? எதுக்கு வாங்கணும்?

பலருக்குப் போதும். நாங்கள் முதல் வருடம் 41 இரவுகள் வண்டியில் தூங்கினோம், இரண்டாம் வருடம் 23. வருடத்துக்கு இருபது இரவுக்குக் கீழே போகும் என்று தோன்றினால் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நிற்கிற வண்டிக்கும் இன்சூரன்ஸ் உண்டு, மனை வாடகை உண்டு, எலியும் உண்டு.

வாங்குவதாக இருந்தாலும் முதலில் வாடகைக்கு எடுத்து இரண்டு இரவு தூங்குங்கள். பெங்களூரிலேயே கிடைக்கிறது. வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள், உள்ளேயே சமையுங்கள், நடு இரவில் விளக்குப் போடாமல் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். என் கணவர் உயரமானவர். குறுக்குவாட்டில் கட்டில் போட்ட வண்டியில் அவர் கால் மடக்காமல் தூங்க முடியவில்லை. வேனின் வெளி அகலம் இரண்டு மீட்டரை ஒட்டி இருந்தாலும் தகரம், வெப்பத்தடுப்பு, பலகை எல்லாம் போக உள்ளே ஆறடி தேறுவது கஷ்டம். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

டிராவலரா, அர்பேனியாவா, விங்கரா? எது மேல கட்டினது நல்லது?

இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் எல்லோரும் சோஃபா கலரில்தான் நேரம் போக்குகிறார்கள்.

விங்கர் முன்சக்கர இழுவை. சேஸி தனியாக இல்லாத ஒரே கூடு என்பதால் தரை தாழ்வு, ஏறி இறங்க முழங்காலுக்கு நல்லது. கணவன் மனைவி இரண்டு பேருக்கு, மிதமான உள்வேலைக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் பின்னால் கண்டபடி எடை ஏற்றினால் முன்சக்கரத்தின் பிடி குறையும். ஈரமான ஏற்றத்தில் அது உடனே தெரியும். டிராவலர் பழைய உழைப்பாளி. திருப்பத்தூரில் நின்றாலும் தாராபுரத்தில் நின்றாலும் அதைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார். சவாரி கொஞ்சம் முரடு, சத்தமும் உண்டு. அர்பேனியாவில் அதே 2.6 லிட்டர் வகை டீசல் எஞ்சின், 115 குதிரைத்திறன், ஆனால் ஓட்டுவதற்குக் கார் மாதிரி. முன்னால் இரண்டு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்பி எல்லாம் உண்டு. மூன்று வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) வருகிறது, பெரியது சுமார் ஏழு மீட்டர் நீளம். அல்சூர் சந்துகளில் அதைத் திருப்பும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

காபித் தோட்டம், மண் பாதை என்று போகிறவர்கள் இசுசு வி-கிராஸ் மாதிரி நான்கு சக்கர இழுவை பிக்கப் மேல் பெட்டி கட்டுவதைப் பார்க்கலாம். பொலேரோ கேம்பரை வைத்து இப்படிச் செய்யப்போவதாக மஹிந்திராவே 2022-இல் அறிவித்தது. ஆறு பேர் குடும்பமென்றால் பாரத்பென்ஸ், ஐஷர் பஸ் சேஸிதான். வசதிக்குக் குறைவிருக்காது, மலைப்பாதையில் எதிரே அரசுப் பேருந்து வரும்போதுதான் அதன் விலை தெரியும்.

என் தேர்வு? இரண்டு முதல் நான்கு பேருக்கு நடு வீல்பேஸ். கடைசி ஒன்றரை அடி நீளத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அப்புறம் பார்க்கிங்கில் அழுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அக்கா, நீங்களேவா ஓட்டுறீங்க? ஹெவி லைசென்ஸ் வேணுமா?

நானேதான். அவருக்கு வரைபடம் பார்க்கும் வேலை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸ் போதும். வாடகைக்கு ஓடும் மஞ்சள் பலகை வண்டியாக இருந்தாலும் இந்த எடைக்குள் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்புச் சொன்னது. மேலே சொன்ன வேன்கள் எல்லாம் இதற்குள் வரும். பஸ் சேஸி என்றால் ஆர்சியில் மொத்த எடையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

என் தம்பி பழைய டெம்போ டிராவலர் வாங்கி உள்ள மாத்திக்கலாம்கறான். பாதி விலையில முடியுமாமே?

முடியும், ஆனால் பாதி வண்டிதான் உங்களுடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. தெரிந்தவர் ஒருவர் இப்படித்தான் செய்தார். ஆர்சியில் 13 இருக்கை, உள்ளே போனால் ஒரு கட்டிலும் அடுப்பும். சோதனையில் நிறுத்தினார்கள், அபராதம் கட்டினார். அதைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ். விபத்து நடந்து, வண்டி ஆர்சியில் உள்ளபடி இல்லை என்று வந்தால் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும்.

புதிதாக வாங்கும்போது கேட்க வேண்டியவை இவை. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரவிதி இருக்கிறது. அதன்படி இந்த மாடலுக்கு அங்கீகாரம் வாங்கியிருக்கிறார்களா? புனேயின் ஏஆர்ஏஐ, மானேசரின் ஐகேட் மாதிரியான சோதனை நிலையத்தின் சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்கள். உடம்பு கட்டியவர் தரும் படிவம் 22ஏ இருக்கிறதா? ஆர்சியில் மோட்டார் கேரவன் அல்லது சொந்த உபயோகக் கேம்பர் வேன் என்று வருமா? சொந்த உபயோகம் என்றால் வெள்ளைப் பலகை, 15 வருடப் பதிவு. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் மஞ்சள் பலகை, முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி என்னும் தகுதிச் சான்று, அப்புறம் வருடா வருடம். இரண்டையும் ஒரே வண்டியில் ஓட்டப் பார்க்காதீர்கள். டோலில் கார் வகையா, மினி பஸ் வகையா என்பதையும் பதிவுக்கு ஏற்றபடி ஃபாஸ்டாகில் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஓசூர் போகும் வழியில் அத்திப்பள்ளி தாண்டியதிலிருந்தே தகராறு.

புதுச்சேரி நம்பர் போட்டா வரி மிச்சமாமே, அத்தை?

சேலத்து நாத்தனார் மகன் கேட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இவ்வளவு பெரிய வெளிமாநில வண்டியைப் பெங்களூரில் ஒளித்து வைக்க முடியாது. வேண்டாம்.

சமையல் மேடைக்கு கிரானைட் போட்டுத் தர்றாங்களாம். நல்லாத்தானே இருக்கும்?

வீட்டுக்கு நல்லது. வண்டியில் கல்லைச் சுமந்துகொண்டு மலை ஏறுவதில் என்ன பெருமை? இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

18 மில்லி கனத்தில் ஒரு எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். உள்வேலைக்குப் பத்து ஷீட் போனால் நான்கைந்து ஆள் எடை. 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. பேட்டரி, ஏசி, சிலிண்டர், நான்கு பேர், அவர்கள் துணிமணி, மாமியார் கொடுத்துவிடும் அரிசி மூட்டை. அனுமதித்த மொத்த எடையை நீங்கள் வீட்டு வாசலிலேயே தாண்டியிருப்பீர்கள். நல்ல பட்டறைகள் தேன்கூட்டுப் பலகை (உள்ளே தேன்கூடு மாதிரி அறைகள் உள்ள லேசான பலகை), கனம் குறைந்த பிளை, அலுமினியச் சட்டம் என்று போவார்கள். கதவைத் திறந்து மூடும்போது கனமாக இருந்தால் அது தரத்தின் அடையாளம் இல்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். எங்கள் வண்டியில் தண்ணீர்த் தொட்டியைப் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் பயணம் கோயம்புத்தூர். திரும்பும்போது சத்தியமங்கலத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு திம்பம் ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவிலேயே ஸ்டீயரிங் லேசாக, காகிதம் மாதிரி ஆகிவிட்டது, ஒன்பதாவதில் வால் தரையில் உரசியது. நடுவழியில் நிறுத்திக் குழாயைத் திறந்து அத்தனை தண்ணீரையும் ரோட்டில் விட்டேன். பின்னால் வந்த லாரி டிரைவர் 'ரேடியேட்டரா அக்கா?' என்று கேட்டார். பட்டறைக்காரர் பிறகு தொட்டியை இரண்டு அச்சுக்கும் நடுவே மாற்றினார், அதற்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு. பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. டேப் எடுத்து அளந்து பாருங்கள்.

டெலிவரி எடுக்கும் முன் தண்ணீர், டீசல், சிலிண்டர் எல்லாம் நிரப்பி எடைமேடையில் ஏற்றச் சொல்லுங்கள். முழு வண்டி ஒருமுறை, முன்சக்கரம் மட்டும் ஒருமுறை, பின்சக்கரம் மட்டும் ஒருமுறை. சில நூறு ரூபாய்ச் செலவு. மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா?

கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி முழு வேகத்தில் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும், குளிர்ந்த பிறகு குறையும். ஒரு பேட்டரிக்கு மூன்று நான்கு மணி நேரம் தாங்கும், விடிய விடிய என்றால் இரண்டு மூன்று பேட்டரி வேண்டும். பழைய லெட்-ஆசிட் என்றால் பாதிக்கு மேல் காலி செய்தாலே ஆயுள் குறையும், அதனால் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கூரையில் 400 வாட் சோலார் நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் குறையாமல் தரும். ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறிக்கு அது தாராளம், ஏசிக்கு ஆகாது.

ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற டிசி-டிசி சார்ஜர் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் ஐந்து மணி நேர ஓட்டத்தில் 150 ஆம்பியர்-அவர் ஏறிவிடும். அது சோலாரைவிட நம்பகமானது. இன்னொன்றும் சொல்கிறேன்: குடகு, சிக்மகளூர், ஏற்காடு என்று போகிறவருக்கு இரவில் ஏசியே வேண்டாம், கூரை எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். மே மாதம் ராமேஸ்வரம் போகிறவர் பேட்டரியை நம்பாமல், கரண்ட் தரும் லாட்ஜ் வளாகத்தில் நிறுத்தி வயர் இழுத்துக்கொள்ளட்டும்.

தோசை சுடலாமா?

சுடலாம். பிரச்சினை தாளிப்பில்தான். கடுகு, எண்ணெய்ப் புகை போய்க் கூரைத் துணியில் ஒட்டினால் ஒரு மாதத்துக்கு வண்டி முழுக்க மெஸ் வாசனை. அடுப்புக்கு நேர் மேலே வெளியே தள்ளும் விசிறி இருக்க வேண்டும், சுவரும் கூரையும் துடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். காட்டலாக்கில் வரும் வெள்ளைத் துணிக் கூரை நம் சமையலுக்கு இல்லை. நாங்கள் தாளிப்பை வெளியே சின்ன அடுப்பில் செய்கிறோம்.

எரிவாயு என்றால் 5 கிலோ சிலிண்டர் போதும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டி உள்பக்கம் முழுக்க அடைபட்டு, அடியில் வெளிப்பக்கம் துளையோடு இருக்க வேண்டும். கசிவு காட்டும் கருவியும் தரைக்குப் பக்கத்தில்தான். மேலே மாட்டியிருந்தார்கள் என்றால் அந்தப் பட்டறைக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

கேக்கவே கூச்சமா இருக்கு... டாய்லெட் எப்படி?

எல்லோரும் கடைசியில், குரலைத் தாழ்த்திக் கேட்பது இதுதான். கழிவுத் தொட்டியை வெளிப்பக்கக் கதவு வழியாக உருவி எடுக்கும் கேசட் வகை நல்லது. சுமார் 20 லிட்டர் கொள்ளும். நான்கு பேருக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. அதை வீட்டிலோ, தங்கும் இடத்தில் அனுமதி கேட்டோ கழிப்பறையில் கொட்ட வேண்டும். வண்டிக்கு அடியில் பெரிய தொட்டி வைத்துத் தருவதாகச் சொல்வார்கள். அதை எங்கே காலி செய்வது என்று கேளுங்கள். நம் சாலைகளில் அதற்கான வசதி அபூர்வம். காலி செய்ய இடமில்லாத தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்து என்ன?

அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல நிறுத்த முடியாதா?

அர்பேனியா உயரம் சுமார் இரண்டரை மீட்டர், கூரை ஏசி போட்டால் அதற்கும் மேல் ஒரு அடி. பேஸ்மெண்டுக்குள் நுழையாது. திறந்த இடம் என்றாலும் குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வாங்கும் வரிசையே நிறுத்த இடம், பேப்பர், அப்புறம்தான் வண்டி. உங்கள் வண்டி உயரத்தை ஸ்டிக்கரில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ரயில்வே அடிப்பாலத்துக் கம்பியும் ஊர் நுழைவாயில் வளைவும் திடீரென்று வரும்.

ஊட்டிக்குப் போய் ரோட்டோரமா நிறுத்தித் தூங்கிக்கலாம்ல? அதுக்குத்தானே வண்டி?

சக்கரம் வைத்த வீடு என்பதற்காகக் காட்டு விதி தளராது. பந்திப்பூர் வழி 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். மசினகுடி கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்க வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காட்டுக்குள் இரவு தங்கவும் முடியாது.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே கொண்டுவந்தது, வாகமனில் கேரவன்கள் நிறுத்தித் தங்கும் பூங்காவும் வந்தது. மற்ற இடங்களில் நாங்கள் ஹோம்ஸ்டே முற்றத்தில் காசு கொடுத்து நிற்கிறோம். தண்ணீர், கரண்ட், கழிப்பறை மூன்றும் ஒரே இடத்தில் முடியும்.

பசங்க பின்னாடி கட்டில்ல தூங்கிக்கிட்டு வரலாம்தானே?

கூடாது. விற்கிறவர் 'ஆறு பேர் தூங்கலாம்' என்பார். பெல்ட்டோடு எத்தனை பேர் உட்காரலாம் என்று கேளுங்கள், பல வண்டிகளில் நான்குதான் வரும். அந்த எண்தான் உங்கள் குடும்பத்தின் அளவு.

இன்சூரன்ஸ் எடுத்தா உள்ள இருக்கறது எல்லாம் கவர் ஆகிடும்ல?

சொன்னால்தான் ஆகும். காப்பீட்டு மதிப்பு வெறும் வண்டி விலைக்குப் போடப்பட்டிருந்தால், எரிந்துபோகும் உள்வேலை உங்கள் கணக்கு. வண்டிக்கும் உள்வேலைக்கும் தனித்தனி பில் வாங்கியிருந்தால் இங்கே உதவும்.

ரெண்டு கொட்டேஷன் வெச்சிருக்கேன். ஒண்ணு 6 லட்சம் கம்மி. எதை எடுக்கறது?

இரண்டையும் பக்கத்தில் வைத்து, முழுதும் நிரப்பிய எடை, பெல்ட் உள்ள இருக்கை, பேட்டரி யூனிட், ஆர்சி வகை இந்த நாலை மட்டும் முதலில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்த 6 லட்சம் எங்கே போயிற்று என்று இதிலேயே தெரிந்துவிடும், பேட்டரியில் அல்லது சான்றிதழில். நாலும் ஒன்றாக இருந்தால் குறைந்த விலையை எடுங்கள், அதிலே தப்பில்லை.

அப்புறம் இரண்டு பட்டறையிடமும் இரண்டு வருடம் ஓடிய அவர்கள் வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புது வண்டி எல்லாமே அழகுதான். இரண்டு மழைக்காலம் பார்த்த வண்டியின் ஜன்னல் மூலையில் கறை இருக்கிறதா, இழுப்பறை கிலுகிலுக்கிறதா, குழாய் இணைப்பை எட்டித் தொட முடிகிறதா என்று பாருங்கள். பட்டறை புனேயிலோ சண்டிகரிலோ இருந்தால் பெங்களூரில் யார் ரிப்பேர் பார்ப்பார்கள் என்று பெயரோடு கேளுங்கள். கடைசித் தவணையை எடைச்சீட்டும் ஆர்சியும் கைக்கு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். கூச்சப்படாதீர்கள், அது அவர்களுக்குப் பழக்கம்தான்.

உங்க வண்டியை ஒரு தடவை வந்து பாக்கலாமா?

ஞாயிறு காலை பத்துக்கு மேல் வாருங்கள். வீட்டில் இருப்பவர்களிலேயே உயரமானவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கையில் ஒரு டார்ச்சும் பழைய துண்டும். உள்ளே அப்புறம் பார்க்கலாம், முதலில் துண்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். தொட்டியை இடம் மாற்றிய வெல்டிங் தழும்பு இன்னும் அங்கே இருக்கிறது.